எஞ்சின் நாக்கிங்: ஒரு தட்டல் சத்தத்தின் வரலாறு

மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சில கார்களில் "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். நம்மூர் மெக்கானிக்குகள் "எஞ்சின் நாக்கிங் அடிக்குது சார்" என்பார்கள். இந்தச் சின்னச் சத்தத்தின் காரணத்தைத் தேடிப் போன கதையில் நோபல் பரிசு தகுதியுள்ள மூளைகளும் உண்டு, உயிர்ப்பலிகளும் உண்டு என்றால் நம்புவீர்களா?

முதலில் சத்தம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராகப் பரவ வேண்டும. தீ வந்து சேர்வதற்குள், மறு ஓரத்தில் நசுங்கிச் சூடாகிக் கிடக்கும் கலவை தானாகவே ஒரே நொடியில் வெடித்தால், அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதும். மணி அடித்தது போலச் சுவர் அதிரும். அதுதான் நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

பழி யார் மேல்?

1910-களில் அமெரிக்காவில் இந்தச் சத்தம் பெரிய தலைவலி. சார்ல்ஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் காடிலாக் கார்களுக்கு பேட்டரி இக்னிஷனைக் கொண்டு வந்திருந்தார். "எல்லாம் இந்த இக்னிஷனால் வந்த வினை" என்று பலரும் அவர் மேல் பழி போட்டார்கள். கெட்டரிங் 1916-ல் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார்.

மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கருவி வைத்துப் பார்த்தார். அழுத்தம் திடீரென்று எகிறுவது பொறி விழுந்த *பிறகுதான்* என்று தெரிந்தது. ஆக, இக்னிஷன் குற்றவாளி இல்லை, எரிபொருள்தான்! இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் ஏறக்குறைய இதே காலத்தில் அழுத்தத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை எஞ்சினைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அளந்துகொண்டிருந்தார்.

மருந்தா, விஷமா?

காரணம் தெரிந்தாயிற்று, மருந்து? இங்கே ஒரு வேடிக்கையான கதை சொல்வார்கள். பனி விலகுவதற்குள் பூக்கும் ஒரு செடிக்குச் சிவப்பு நிறம் உதவுகிறது என்று எண்ணி, எரிபொருளையும் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகும் என்று நினைத்தார்களாம். சிவப்புச் சாயம் கையில் இல்லாததால் அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. சத்தம் நின்றது! பிறகு வேறு சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின்.

தப்பான கணிப்பிலிருந்து சரியான பாதை கிடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான பொருட்களைத் தேடி, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கண்டுபிடித்தார்கள். துளி கலந்தால் போதும், நாக்கிங் போச்சு. எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் யாரும் காய்ச்சிக்கொள்ளக்கூடிய சாராயத்தில் காப்புரிமை லாபம் ஏது?

1923-ல் விற்பனை தொடங்கியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, 5 பேர் இறந்தார்கள். ஆபத்தில்லை என்று காட்ட மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அதில் கை கழுவினார். அவரே அதற்கு முந்தைய ஆண்டு ஈய நச்சால் ஓய்வெடுத்தவர்! சிறு இடைவெளிக்குப் பின் விற்பனை மீண்டும் தொடங்கி, உலகம் முழுக்கப் பரவியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது என்று உறைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-ல் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000-ல் இந்தியா முழுவதும். கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

டர்போ வந்தது, சத்தமும் திரும்பி வந்தது

வீணாகும் புகையின் வேகத்தால் ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும், சூடானால் நாக்கிங் வரும். பெட்ரோல் காருக்கு டர்போ எட்டாக்கனியாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இதற்கு ஒரு வழி கண்டது: தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்துக் குளிரவைப்பது. பாட்டிலை நிரப்ப ஓட்டுபவர்கள் மறந்தார்கள். கார் இரண்டே ஆண்டில் நின்றுபோனது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 99 டர்போவில் அழுத்த விகிதத்தை 7.2 ஆகக் குறைத்துச் சமாளித்தது. சத்தம் இல்லை, ஆனால் டர்போ சுழலாத நேரத்தில் எஞ்சின் மந்தம்.

உண்மையான விடை, எஞ்சினுக்கே ஒரு காது வைப்பது! 1978-ல் ப்யூக்கின் டர்போ வி6 எஞ்சினில் நாக் சென்சார் வந்தது. தட்டல் கேட்டால் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். 1980-களின் தொடக்கத்தில் சாப் தன் ஏபிசி அமைப்பில் சென்சார் சொன்னதும் டர்போ அழுத்தத்தையே குறைத்தது. நாக்கிங்கின் அதிர்வு பெரும்பாலும் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால், மற்ற இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடிகிறது.

கதை முடிந்ததா? இல்லை. புதிய சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அதிகப் பளு கொடுக்கும்போது பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொண்டு ஒரே அடியில் பிஸ்டன் உடைந்தது. ஆராய்ந்தால், எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. 2018-ல் இதற்கென்றே புதிய ஆயில் தரம் வந்தது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டு டர்போ காரில் விசில் சத்தம் கேட்டால் டர்போ பக்கம் பாருங்கள். "ஸ்ஸ்" என்றால் காற்றுக் குழாய் கசிகிறதா பாருங்கள். பளுவில் கூழாங்கல் சத்தம் கேட்டால் பெட்ரோலையும் ஆயிலையும் முதலில் சந்தேகப்படுங்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது மிட்ஜ்லியின் சாதனை. எந்த மருந்தானாலும் பரவாயில்லை என்று கொடுத்ததற்கான விலையை, அந்தச் சத்தத்தையே கேட்டிராத குழந்தைகள் கொடுத்தார்கள்.