பிள்ளைகளுக்குப் பிணை நின்ற காலணித் தொழிலாளி

நீதிமன்றம் என்றாலே நம் இளைஞருள் பலர் ஒதுங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். அது வக்கீல்களின் இடம், நமக்கு அங்கு என்ன வேலை என்பர். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. ஆதரவற்ற சிறுவர்க்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்ற முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைக்கும் கடை வைத்திருந்த ஜான் அகஸ்டஸ் என்பார். சட்டக் கல்வியோ அரசுப் பதவியோ அவருக்கு இல்லை. தோல் தொழில் செய்தவர் என்பதால் அவரை நம்மவர் என்று கொண்டாடிவிடவும் வேண்டாம்; அந்நாட்டில் அத்தொழிலுக்கு நம் நாட்டைப் போலத் தீண்டாமைக் கறை இல்லை. அங்கே தோலின் நிறமே மனிதரைப் பிரித்தது.

1841 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள் காலை அவர் போலீஸ் கோர்ட்டுக்குச் சென்றிருந்தார். கந்தல் உடுத்த குடிகாரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினர். அகஸ்டஸ் அவனுடன் பேசி, இனிக் குடிப்பதில்லை என்று உறுதி பெற்று, தாமே பிணை நின்று அழைத்துச் சென்றார். மூன்று வாரங்கள் கழித்து வந்த அவனை அடையாளங் காண்பதே அரிதாயிற்று. நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் செலவுத் தொகையும் மட்டுமே விதித்தார்.

பின்னர் அவர் கவனம் சிறுவர்பால் திரும்பியது. 1847 இல் 7 முதல் 15 வயது வரையுள்ள பத்தொன்பது சிறுவர்களுக்குப் பிணை நின்றார். வழக்கைப் பல மாதங்கள் தள்ளிவைக்குமாறு வேண்டி, அக்காலத்தில் அவர்களைத் தம் பொறுப்பில் வைத்துக் கொண்டார். பிணை நிற்குமுன் ஒவ்வொருவரின் வயது, பழக்கம், வளரும் சூழல் ஆகியவற்றை விசாரிப்பார். பின் பள்ளியிலோ நேர்மையான வேலையிலோ சேர்ப்பார். மாதந்தோறும் நீதிமன்றத்தில் அறிக்கை கூறுவார். நாலு நாள் வராத மாணவனைத் தேடி அவன் வீட்டுத் திண்ணைக்குச் செல்லும் ஆசிரியர்க்கு இம்முறை புதியதன்று. சில மாதங்களுக்குப் பின் அச்சிறுவர்களுள் பலரை ஒருசேரக் கண்ட நீதிபதி வியந்து மகிழ்ந்தார்.

எல்லோரும் மகிழவில்லை. ஒருவனைச் சிறைக்கு அனுப்புந்தோறும் நீதிமன்ற ஊழியர்க்குக் கட்டணம் கிடைத்து வந்தது. அகஸ்டஸ் பிணை நின்றால் அது போயிற்று! எனவே அவரை வெறுத்தனர், இடையூறுகள் விளைத்தனர். கடையைக் கவனிக்க நேரமின்றித் தொழில் நலிந்தது. அன்பர்கள் அளித்த நன்கொடையால் பணி தொடர்ந்தது. 1859 இல் அவர் மறைவதற்குள், பெரியோரும் சிறியோருமாக 1,946 பேருக்குப் பிணை நின்றிருந்தார்.

அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1878 இல், மாசசூசெட்ஸ் மாநிலம் இப்பணிக்கு ஊதியம் பெறும் அலுவலரை நியமிக்கச் சட்டம் செய்தது. 1899 இல் சிகாகோ நகரில் சிறுவர் நீதிமன்றம் தோன்றியபோதும், கண்காணிப்பு அலுவலர்க்கு அரசுப் பணத்திலிருந்து ஊதியம் கிடையாது என்றே சட்டம் கூறிற்று.

அடுத்த நூற்றாண்டில் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூகப், கொடுமைக்குள்ளான குழந்தைகளைப் பற்றிப் போதிய செய்தி அறியாமலே அவர்தம் வாழ்வை முடிவு செய்ய வேண்டியுள்ளதே என்று கலங்கினார். ஒவ்வொரு குழந்தையையும் நேரில் அறிந்து, அதன் நலன் எது என்று மன்றத்தில் உரைக்கப் பொதுமக்களையே பயிற்றுவிக்கும் ஏற்பாடு 1977 இல் அவரால் தொடங்கிற்று. முதல் ஆண்டில் 110 தொண்டர்கள் 498 குழந்தைகளுக்காகப் பேசினர்.

நம் நாட்டிலும், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் விதிகள், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு விசாரணை முடியும்வரை உடனிருக்க ஆதரவு நபர் ஒருவரைக் குழந்தை நலக் குழு அமர்த்த வகை செய்துள்ளன. அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டுமென்பதில்லை. அத்தகையோர் பெயர்களைப் பதிவேட்டில் வைத்திருப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கடமை.