வேலை முடிஞ்சது, காசு வரலையா? துணைக் குத்தகையாளர்கள் முதலில் அனுப்ப வேண்டிய நோட்டீஸ்

பண்டார் தெங்காராவில் ஒரு கடைவீட்டுக் கட்டுமானத்துக்கு நீங்கள் கம்பியும் சிமெண்டும் இறக்கினீர்கள், அல்லது வயரிங் வேலையை எடுத்துச் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. கேட்டால், "எனக்கே மேலிருந்து காசு வரல, வந்ததும் தரேன்" என்கிறார் மெயின் குத்தகையாளர். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தாலும் அது செல்லாது.

இணையத்தில் தேடினால் 'லியன்' பற்றிய அமெரிக்கக் கட்டுரைகள்தான் நிறைய வரும். கலிபோர்னியாவில் பொருள் இறக்கத் தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு கொடுத்து வைத்தால், காசு வராதபோது அந்தக் கட்டடத்தின் மீதே உரிமை கோரலாம். மலேசியாவில் அந்த வசதி கிடையாது. இங்கே இருப்பது 'சிப்பா' எனப்படும் 2012ஆம் ஆண்டு கட்டுமானத் துறைப் பணம் செலுத்தல், அட்ஜுடிகேஷன் சட்டம். 2014 ஏப்ரல் 15 முதல் அமலில் உள்ளது. பொருள் சப்ளை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வேலை எடுப்பது நம்மவர்களிடம் சகஜம், அதுதான் இங்கே காலை வாரும். ஒருவர் தானே குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைவான வீட்டுக்கும் சிப்பா கிடையாது.

முதல் படி, பணக் கோரிக்கை நோட்டீஸ். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் கொடுத்திருக்க வேண்டும், என்ன வேலை, ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி கேட்கிறீர்கள், இது சிப்பாவின் கீழான கோரிக்கை என்ற ஒரு வரி: இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கெடு தேதி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், பில் கிடைத்ததிலிருந்து 30 நாள். நேரில் கொடுங்கள், அலுவலக நேரத்தில் அவர் அலுவலகத்தில் சேருங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் வாட்சப்பை நம்பாதீர்கள்.

பதில் தர அவருக்கு 10 வேலை நாள். வாயே திறக்கவில்லை என்றால் முழுத் தொகையையும் மறுக்கிறார் என்றே கொள்ளப்படும். நீங்கள் அட்ஜுடிகேஷன் நோட்டீஸ் அனுப்பலாம்.

வேலை நாள் கணக்கு, கட்டுமானம் நடக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. ஜொகூரில் தைப்பூசம் விடுமுறை, அது கணக்கில் வராது. 2025 ஜனவரி முதல் இங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமையைக் கழிக்கும் பழைய பழக்கத்தில் எண்ணாதீர்கள்.

வாதங்கள் முடிந்தபின் 45 வேலை நாளுக்குள் முடிவு வர வேண்டும். ஜெயித்தும் காசு வரலையா? உயர் நீதிமன்றத்தில் அமல்படுத்தலாம். 14 நாள் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தலாம். இல்லையேல், அவருக்கு வேலை கொடுத்த மேம்பாட்டாளரிடமே நேரடியாகக் கேட்கலாம். லியனுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இதுதான். ஆனால் நீங்கள் கேட்கும் நேரத்தில், மேம்பாட்டாளர் மெயின் குத்தகையாளருக்கு இன்னும் கொடுக்க வேண்டிய பணம் இருக்க வேண்டும். கோரிக்கைக்கு ஆறு வருடம் அவகாசம் உண்டு என்று காத்திருந்தால், அந்தக் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும்.