அச்சமும் அகவையும்: பேய்ப்படங்களும் வயதுப் பாகுபாடும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனித உணர்ச்சிகளுள் அச்சம் மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அதனை வைத்து, அது பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினையும் வகுத்துரைத்தார். உரையாசிரியர் பேயையும் பூதத்தையும் அணங்கினுள் அடக்கினர். ஆயின் அஞ்சுவோரின் அகவை யாது என்னும் வினாவைப் பழைய இலக்கணம் எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பியது இருபதாம் நூற்றாண்டின் திரைப்படமேயாகும். ஐந்து வயதுக் குழந்தையும் பதினைந்து வயது இளைஞனும் அறுபது வயது மூதாட்டியும் ஒரே இருளில் அமர்ந்து ஒரே பேயைக் காணும் நிலையை அது தோற்றுவித்தது. யார் எதனைக் காணலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அரசுக்கா, படமாளிகை வாயிலுக்கா, வீட்டுக்கா என்ற வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை. அவ்வழக்கின் வரலாற்றைப் பொதுவாகவும், அம்பாறைக் கரையோரத்துப் பாலமுனை போன்ற ஊர்களை முன்வைத்துச் சிறப்பாகவும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேய்க்கதை தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசித்துப் புலம்பும். போர்க்களத்தில் கூழ் அடும். அக்கூழைப் பங்கிடுவதிற் பூசலிடும். அங்கு அச்சமும் நகையும் ஒருங்கே பிறக்கின்றன. மறுபுறம், குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடிய பிள்ளைத்தமிழ் மரபும் தமிழர்க்கு உண்டு. பிள்ளை எல்லாப் பருவத்திலும் ஒரே பிள்ளையன்று என்பதைத் தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்தனர். கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் மூத்தம்மா சொல்லும் ஜின்னுக் கதைக்கும் இவ்வறிவே அடிப்படை. கேட்கும் பிள்ளையின் முகம் வெளிறினால் ஜின் நல்லதாகிவிடும். பெரிய பிள்ளை சலித்தால் அதன் பற்கள் நீளும். சொல்வோர் கேட்போரைக் கண்டு கதையைக் கூட்டியுங் குறைத்தும் சொல்வதே வாய்மொழியின் இயல்பு.

திரைப்படத்துக்கோ அவ்வாற்றல் இல்லை. படச்சுருள் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. எவர் அழுதாலும் அது நிற்பதில்லை. கதைசொல்லியின் கண் செய்த பணியை வேறொன்று செய்ய வேண்டியதாயிற்று. அவ்விடத்தை நிரப்ப வந்ததே வயதுச் சான்றிதழ். அதன் வரலாற்றை இந்நோக்கிற் காண்பது பயனுடைத்து.

பிரித்தானியாவில் இச்சிக்கல் 1931ஆம் ஆண்டின் 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' ஆகிய படங்களோடு கூர்மையடைந்தது. அவற்றைப் போன்ற படங்களைக் குறித்து எச்சரிக்க 1932இல் 'எச்' என்னும் அடையாளம் வகுக்கப்பட்டது. 1937இல் அது பதினாறு வயதுக்குட்பட்டோரை விலக்கும் சான்றிதழாக உறுதிபெற்று, 1951இல் 'எக்ஸ்' என்னும் பிரிவுக்கு இடம் விட்டது. இவற்றினும் சுவையான நிகழ்ச்சி 1938இல் நடந்தது. குழந்தைகளுக்கென்றே வால்ட் டிஸ்னி உருவாக்கிய 'ஸ்னோ வைட்' படத்தில் வரும் சூனியக்காரியையும் காட்டையும் கண்ட தணிக்கையாளர், பெரியவர் துணையின்றிச் சிறுவர் அதனைப் பார்த்தலாகாது என்றனர். பல உள்ளூராட்சி மன்றங்கள் இம்முடிவை ஏற்காது சிறுவரைத் தனியே அனுமதித்தன. குழந்தைக்காக ஆக்கப்பட்டது என்பதும் குழந்தைக்கு அச்சம் விளைக்காதது என்பதும் வெவ்வேறானவை என்னும் உண்மை அப்போதே வெளிப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பொருள் ஆய்வுக்கூடத்தை எட்டியது. பேய்ன் நிதியத்தின் ஆதரவில் மேற்கொள்ளப்பட்டு 1933 முதல் வெளிவந்த ஆய்வுகள், படம் பார்த்த சிறுவரின் உறக்கத்தையும் தோலின் மின் மாற்றத்தையும் அளந்தன. 1968இல் அங்குத் திரைப்படத்துறையே தரவகைப்பாட்டு முறையொன்றை ஏற்படுத்தியது. எனினும் ஏழு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் எஞ்சியிருந்தது. 1984இல் வெளிவந்த 'கிரெம்ளின்ஸ்', 'இந்தியானா ஜோன்ஸ்' படங்களைக் கண்டு பெற்றோர் முறையிட்டனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில், பதின்மூன்று வயதை எல்லையாகக் கொண்ட புதிய பிரிவு பிறந்தது. பெற்றோரின் முறைப்பாட்டால் வயதுப் பாகுபாடு நுணுக்கமடைந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

தமிழ்த் திரையின் கதை இவ்வரலாற்றில் தனித்த இடம் பெறுவது. இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1920இல் சென்னை முதலிய நகரங்களில் தணிக்கைச் சபைகள் அமைந்தன. அவை வெட்டின, தடுத்தன. பார்ப்போரை வயதாற் பகுக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் திருத்தமே 'யு', 'ஏ' என்னும் இரு சான்றிதழ்களைத் தோற்றுவித்தது. 1951இல் மத்திய தணிக்கைச் சபை உருவாயிற்று. அதே ஆண்டில் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரித்துக் கே. ராம்நாத் இயக்கிய 'மர்மயோகி' வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரனின் புகழை உயர்த்திய இப்படமே 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்பது திரைவரலாற்றாசிரியர் கூற்று. அதற்குக் காரணமாயிருந்தது காமமோ குருதியோ அன்று. செருகளத்தூர் சாமா ஆவியாகத் தோன்றிய காட்சிகளேயாம்.

இங்கு ஒரு முரண் நோக்கற்பாலது. அப்படத்தில் வரும் ஆவி உண்மையில் ஆவியன்று. இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மன்னனே உயிரோடிருந்து, வஞ்சகியை அலைக்கழிக்க அவ்வாறு உலவுகின்றான். கதை முடிவில் மர்மம் அவிழ்கின்றது. பகுத்தறிவு நோக்கில், இல்லாத பேய்க்காக வளர்ந்தோர் சான்றிதழ் வழங்கிய சபை நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் நான்கு வயதுக் குழந்தை கதையின் முடிவைத் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுசெல்வதில்லை, உருவத்தையே கொண்டுசெல்கின்றது. அக்குழந்தையைப் பொறுத்தவரை சபையின் கவலை முற்றும் பிழையானதன்று. பிழை வேறிடத்தில் இருந்தது. பதினெட்டு என்னும் ஒரே கோடு, நான்கு வயதுக் குழந்தையையும் பதினாறு வயது மாணவனையும் ஒரு நிறையாக்கி வெளியே நிறுத்தியது. பிள்ளைத்தமிழ் பத்தாகக் கண்ட பருவத்தைச் சட்டம் ஒன்றாகவே கண்டது.

இக்கோட்டை நேரே தாண்டாது தமிழ்ப்பட உலகம் வேறொரு வழியை நாடியது. பேயைப் பயமற்றதாக்கும் வழி அது. அலாவுதீன் கதை 1957இலும் 1979இலும் தமிழிற் படமாயிற்று. 1967இன் 'பட்டணத்தில் பூத'த்தில் ஜாவர் சீதாராமன் ஏற்ற பூதம், குடுவையினின்று வெளிப்பட்டு மனிதர்க்கு ஏவல் செய்தது. 1979இன் 'கலியாணராம'னில் கொலையுண்டவனின் ஆவி நகைச்சுவையோடு பழிவாங்கியது. இவை பரணியின் பேய்களுக்கு உறவினர் எனலாம். மறுபுறம், 1978இன் 'ஆயிரம் ஜென்மங்கள்', 1985இன் 'யார்?' முதலியன அச்சத்தையே முதலாகக் கொண்டன. இவ்விரு ஓட்டங்களுக்கும் இடையே பெற்றோருக்கு வழிகாட்ட, 1983இல் இந்தியச் சபை 'யுஏ' என்னும் பிரிவை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோரின் வழிகாட்டலுடன் காணலாம் என்பதே அதன் பொருள். முடிவின் ஒரு பகுதி அரசின் கையினின்று வீட்டின் கைக்கு மாறியமை குறிப்பிடத்தக்கது.

இலங்கையில் இத்துறைக்கு அடிப்படையாய் அமைந்தது 1912ஆம் ஆண்டின் பகிரங்க ஆற்றுகைக் கட்டளைச் சட்டமாகும். அதன்வழி வந்த சபையே படங்களைப் பார்வையிட்டு அனுமதித்தது. தமிழ்ப் படங்களிற் பெரும்பாலானவை தென்னிந்தியாவிலிருந்து வந்தவை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, அவற்றின் இறக்குமதியும் அதன் பொறுப்பாயிற்று. ஆகவே இங்குள்ள பார்வையாளரை ஒரு படம் அடையுமுன் இரு நாட்டுத் தணிக்கைகள் அதன்மீது கைவைத்தன. ஆனால் இரு தணிக்கைகளும் ஒரே ஊகத்தின்மீது நின்றன: படத்துக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு வாயில் உண்டு, அவ்வாயிலில் அனுமதிச்சீட்டைக் கிழிப்பவர் ஒருவர் நிற்கின்றார் என்பதே அவ்வூகம்.

அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் இடையிற் கடலை நோக்கியுள்ள பாலமுனையில் அவ்வூகம் நிலைக்கவில்லை. கடற்றொழிலும் நெல் வேளாண்மையும் வாழ்வாய்க்கொண்ட இவ்வூரார்க்குப் படமாளிகை என்பது அக்கரைப்பற்று, கல்முனை முதலிய நகர்களுக்குச் சென்று காண்பது. பெரும்பாலும் ஆண்களும் இளைஞருமே சென்றனர். பெண்களும் சிறு பிள்ளைகளும் வீட்டிலிருந்தனர். சினிமாவே ஆகாது என்ற மார்க்கப் பெரியோரின் கருத்தும் வலுவாயிருந்தது. எனவே சான்றிதழ் செய்யவேண்டிய பணியைத் தொலைவும் வழக்கமுமே செய்துவந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அவற்றை அடுத்து வீடியோ நாடா வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து, மின்சாரமில்லாதவிடத்து மின்பிறப்பாக்கி வைத்து, இரவு முழுவதும் இரண்டு மூன்று படங்கள் ஓட்டப்பட்ட காலம் அது.

அவ்விரவின் அவையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். கிழக்குக் கரையோர முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு வருவிப்பது மரபு. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்மரபை விரிவாகப் பதிந்துள்ளார். இதனால் மூத்தம்மாவும் அவர்தம் புதல்வியரும் அப்புதல்வியரின் பிள்ளைகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வர். ஒரு முற்றத்தில் ஒரு பெட்டி ஒளிர்ந்தால், மடியிலுள்ள கைக்குழந்தை முதல் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன்வரை அனைவரும் அதன்முன் கூடுவர். படத்தின் தொடக்கத்திற் சில வினாடிகள் தோன்றும் சான்றிதழை அம்முற்றத்தில் எவரும் பொருட்படுத்தியிரார். வாயிலும் இல்லை, வாயில்காப்போனும் இல்லை. படத்தை நிறுத்தும் விசையோ முதன்முறையாக வீட்டாரின் கையில் இருந்தது.

அச்சத்தைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இக்கரையோரத்தில் இன்னோர் உண்மையைக் கடந்து செல்ல இயலாது. பல்லாண்டுப் போரின் இரவுகளை இவ்வூர்ப் பிள்ளைகள் அறிவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அதுவே. அத்தகைய பிள்ளைக்கு வெள்ளையுடுத்த பேய் விளையாட்டாகலாம். திரையில் எழும் ஓர் அலை விளையாட்டாகாது. எந்தத் தணிக்கைச் சபையும் ஒரு வீட்டின் நினைவை அறிந்து சான்றிதழ் வழங்க முடியாது. வீட்டின் பொறுப்பை எச்சட்டமும் முழுமையாக ஏற்க இயலாமைக்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.

அப்பொறுப்பை ஏற்போர்க்கு அறிவியல் ஓரளவு துணைநிற்கின்றது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கான்டர் 1980கள் முதல் கண்டவை குறிப்பிடத்தக்கன. ஏறத்தாழ ஏழு வயதுவரை குழந்தை தோற்றத்தையே அஞ்சுகின்றது. நல்லவனே எனினும் உருமாறுவோனைக் கண்டு நடுங்கும். எட்டு முதல் பன்னிரண்டு வரையிலானோர் நடக்கக்கூடியவற்றை, அதாவது கொள்ளை, தாக்குதல், பேரிடர், பெற்றோரின் இழப்பு ஆகியவற்றை அஞ்சுவர். அதற்கு மேற்பட்டோர்க்குப் புலப்படாத பேரிடர்களும் உலகியல் தீங்குகளுமே அச்சந்தருவன. "இது பொய்" என்னும் விளக்கம் வளர்ந்த பிள்ளையைத் தேற்றும். சிறு குழந்தைக்கு அது பயன்படாது, அணைப்பும் வெளிச்சமுமே மருந்து. தொல்காப்பியரின் நான்கு களங்களையும் இவற்றோடு பொருத்திப் பார்ப்பின், அணங்கும் விலங்கும் இளையோர்க்கும், கள்வர் இடைப்பட்டோர்க்கும், இறை முதியோர்க்கும் உரியன என ஒருவாறு கொள்ளலாம். அகவை பற்றிப் பேசாத இலக்கணம் அகவைக்கு இயைந்ததோர் வரிசையைத் தந்துள்ளமை வியப்பிற்குரியது.

இந்நூற்றாண்டில் வாயில் முற்றாக மறைந்தது. 2005இன் 'சந்திரமுகி', 2011இன் 'காஞ்சனா' ஆகியவற்றின் வெற்றிக்குப்பின் பேயும் நகையும் கலந்த படங்கள் குடும்பப் படங்களாகவே விற்கப்படுகின்றன. மேலைநாட்டார் ஒக்டோபர் 31ஆம் நாள் கொண்டாடும் ஹலோவீன் பாலமுனையின் பண்டிகையன்று. ஆயினும் அதற்கென ஆக்கப்பட்ட படங்கள் கைபேசி வழியே அங்கும் வருகின்றன. இந்தியா 2021இல் இணையவழிப் படங்களுக்கும், 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திரையரங்குப் படங்களுக்கும் 'யுஏ' பிரிவை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்றாகப் பகுத்தது. 1951இல் ஒரே கோடாயிருந்தது, எழுபது ஆண்டுகளின்பின் பிள்ளையின் பருவங்களைச் சிறிது அறியத் தொடங்கியுள்ளது.

எனினும் எண்கள் வாயில்காப்போனுக்கு உரியவை. மூத்தம்மாவின் கண்ணுக்கு ஈடாகா. வரலாறு காட்டும் நெறி எளியது. பல வயதினர் கூடிய வீட்டில், படத்தை அவையின் மிக இளையோரைக் கருதித் தெரிதல் வேண்டும். மூத்தோர்க்குரியதை இளையோர் உறங்கிய பின்னர்க் காணலாம். சான்றிதழைத் தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது. பெரியவரொருவர் முன்னரே பார்த்து, இவ்வீட்டுப் பிள்ளை எதனை அஞ்சும் என எண்ணித் துணிதல் நன்று. பார்க்கும்போது திரையை மட்டுமன்றிப் பிள்ளையின் முகத்தையும் பார்த்திருத்தல் அதனினும் நன்று. கதையை நிறுத்தவும் மாற்றவும் கதைசொல்லிக்கு இருந்த உரிமையைப் படச்சுருள் பறித்தது. கையிலுள்ள விசை அதன் ஒரு பாதியை மீட்டுத் தந்துள்ளது. அதனைப் பயன்படுத்துவதும் விடுவதும் வீட்டாரின் கடன்.