ஆறும் காலம்: கையொப்பமிட்ட பின் காரைத் திருப்பித் தரலாமா?

கொதிக்கும் பாலை எவரும் அப்படியே வாயில் வைப்பதில்லை; ஆற்றிக் குடிக்கிறோம். மனிதனின் ஆசையும் அத்தகையதே எனக் கருதிய சட்ட வல்லுநர்கள், பொருள் வாங்குவோருக்கு ‘ஆறும் காலம்’ என்ற உரிமையை வகுத்தனர். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னும், குறித்த சில நாட்களுக்குள் காரணம் கூறாமலே அதனை ரத்து செய்யலாம் என்பதே இதன் பொருள்.

இவ்வுரிமை கார் வாங்கியவருக்கும் உண்டா? மூன்று நாட்களுக்குள் காரைத் திருப்பித் தந்துவிடலாம் என்று அமெரிக்காவில் நம்புவோர் பலர். அந்த நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ‘வாடகைக் கொள்முதல்’ எனப்படும் தவணை முறை பெருகியது. விற்பனையாளர்கள் வீடு தேடி வந்தனர். அவர்கள் பேச்சில் மயங்கிக் கையொப்பமிட்டவர், பின்னர் பல மாதங்கள் தவணை கட்ட நேர்ந்தது. 1962இல் மொலோனி குழு இதற்குப் பரிகாரமாக ஆறும் காலத்தைப் பரிந்துரைத்தது. 1964ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம், கடைக்கு வெளியே கையொப்பமான ஒப்பந்தங்களுக்கு நான்கு நாள் அவகாசம் அளித்தது.

அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையம் 1972இல் இத்தகைய விதியை அறிவித்தது. 1974 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டு வாசலில் நடக்கும் 25 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனையை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். மூன்று நாள் நம்பிக்கையின் வேர் இதுவே!

ஆனால், தானே கடைக்குச் சென்று வாங்குபவர் முன்பே யோசித்து வந்தவர் என்பது விதியின் கருத்து. எனவே கார் விற்பனை நிலையத்தில் இட்ட கையொப்பத்துக்கு அது பொருந்தவில்லை. நிலையான கடை உடையவர் தற்காலிகக் கூடாரத்தில் விற்கும் வண்டிகளுக்கும் 1988இல் விலக்கு அளிக்கப்பட்டது.

இயற்பியலில் மீள் மாற்றம், மீளா மாற்றம் என இரண்டைப் படிக்கிறோம். பெட்டி பிரிக்காத பாத்திரத்தைத் திருப்பித் தந்தால் கடைக்காரர் மறுபடி விற்கலாம். புதிய காரோ ஒருவர் பெயரில் பதிவாகி ஓடத் தொடங்கியதும் ‘பழைய கார்’ ஆகிவிடுகிறது, விலை இறங்கிவிடுகிறது. இந்த இழப்பை யார் ஏற்பது என்பதே வழக்கின் உயிர்நாடி.

பழுதான காரின் கதை வேறு. பலமுறை பழுதுபார்த்தும் சீராகாத புதிய காருக்கு மாற்றுக் காரோ பணமோ பெற 1982இல் கனெக்டிகட் மாநிலம் வழிசெய்தது. மனம் மாறியவருக்கு அச்சட்டம் உதவாது.

அவருக்குக் கலிபோர்னியா ஒரு வழி கண்டது. 2006 ஜூலை முதல், 40,000 டாலருக்குக் குறைந்த பழைய கார்களை வாங்குவோர் தனிக் கட்டணம் செலுத்தி, இரண்டு நாள் ரத்து உரிமையை விலைக்கே வாங்கலாம் என்றாயிற்று. 2025இல் இயற்றிய சட்டம், 50,000 டாலருக்கு மிகாத பழைய கார்களுக்கு மூன்று நாள் உரிமையை வகுத்து, 2026 அக்டோபர் 1ஐத் தொடக்க நாளாகக் குறித்தது. ஓடிய தூரத்துக்கும் அதில் வரம்பு உண்டு.

ஆகவே, திருப்பித் தரும் உரிமை கையொப்பத்தோடு தானாக வருவதன்று. சட்டமோ ஒப்பந்தமோ அளித்தால்தான் உண்டு. அது எழுத்தில் உள்ளதா என்று கையொப்பமிடும் முன்பே படித்துப் பார்ப்பது நலம். பாலை ஆற்ற வேண்டியது குடிப்பதற்கு முன்பு அல்லவா?