மிலாறும் மின்சாரமும்: ஊவாத் தோட்டங்களின் எரிபொருள் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஊவாத் தேயிலையின் மணத்தைப் பற்றி எழுதியோர் பலர். அத்தேயிலையைக் கொய்த கரங்களின் துயரைப் பற்றி எழுதியோரும் உளர். ஆயின் அத்தேயிலையை உலர்த்திய நெருப்பு எங்கிருந்து பெறப்பட்டது, அந்நெருப்பை மூட்டியவனின் வீட்டடுப்பில் எது எரிந்தது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. பண்ணைக் கழிவிலிருந்து எரிசக்தி பெறுதல் இன்றைய புதுமையென்று கருதப்படுகின்றது. பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அது நம்மவர் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவந்த தொழிலே என்பது புலப்படும். அக்கழிவின் பயனை அடைந்தோர் யார் என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருளாகும்.

1869 இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்ததும், அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதப் பாதை 1894 இல் பண்டாரவளையை அடைந்து, 1924 இலேயே பதுளையை எட்டியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கோப்பியை வெயிலில் காயவைக்கலாம். தேயிலைக்கோ தொழிற்சாலை வேண்டும். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்கிற்கும் மேலானது நீரே. அது வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, இறுதியில் ஏறத்தாழ மூன்று வீத ஈரமே எஞ்சும்வரை சூடான காற்றில் உலர்த்தப்படுகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து செல்லும். இந்நீரை வெளியேற்றுவதற்கு வெப்பமும், இயந்திரங்களைச் சுழற்றுவதற்கு விசையும் தேவைப்பட்டன. விசையை மலையருவிகள் தந்தன. வெப்பத்தைக் காடுகள் தந்தன. காடுகள் குறைந்தபின், ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் நடப்பட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் விறகாயின.

தோட்டங்களில் இருவகை எரிசக்திகள் அருகருகே நிலவின. ஒன்று தொழிற்சாலையினது, மற்றது லயத்தினது. நீர்ச்சுழலிகளால் ஓடிய தொழிற்சாலைகளில் மின்குமிழ்கள் ஒளிர்ந்த காலத்திலும், அவற்றிற்குக் கூப்பிடு தூரத்திலிருந்த லயக் காம்பராக்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையும் பெரும்பாலான லயங்களின் நிலை இதுவே.

லயத்தின் அடுப்பை எரித்தது மிலாறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடி கவ்வாத்து செய்யப்படும்போது வெட்டி வீழ்த்தப்படும் குச்சிகளையே தோட்டத்து மக்கள் மிலாறு என்பர். தோட்டக் கணக்கேட்டில் அது கழிவு. தொழிலாளியின் குடும்பத்திற்கோ அதுவே சோறு வெந்த நெருப்பு. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண், பொழுது சாயும் வேளையில் மிலாற்றுக் கட்டைத் தலையிற் சுமந்து லயத்திற்கு ஏறிவரும் காட்சியை இக்கட்டுரையாளர் தம் பாட்டியிடத்துப் பலமுறை கண்டுள்ளார். ஒரு நாளின் இரண்டாவது உழைப்பு அது. அதற்குச் சம்பளம் இல்லை. புகைபோக்கியற்ற காம்பராவில் அந்தக் குச்சிகள் எழுப்பிய புகையை முதலிற் சுவாசித்தவர்களும் பெண்களும் குழந்தைகளுமே. பெயர் பதிவாகாத ஓர் எரிசக்தித்துறையை இப்பெண்கள் நடத்திவந்தனர் எனலாம்.

1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் தேசிய மின்வலை மலைநாட்டில் பரவலாயிற்று. தோட்டங்களின் சிறு நீர்ச்சுழலிகள் காலப்போக்கிற் பல கைவிடப்பட்டன. உலர்த்தும் அடுப்புகளிற் பல எண்ணெய்க்கு மாறின. 1973 இன் உலக எண்ணெய் நெருக்கடி இந்த வசதியைக் குலைத்தது. தொழிற்சாலைகள் மீண்டும் விறகை நாடின. இதே காலத்தில் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எரிபொருளும் உடைமையும் ஒருங்கே கைமாறிய அக்காலத்திலும், லயத்து அடுப்பு மாறாதிருந்தமை நோக்கற்பாலது.

மாற்றுவழி அப்போது உலகில் இல்லாமற் போகவில்லை. சாணமும் பிற கழிவுகளும் காற்றுப் புகாத குழியில் அழுகும்போது மெதேன் மிகுந்த உயிர்வாயு வெளிப்படுகின்றது. 1895 இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரில் கழிவுநீர்த் தொட்டியின் வாயு தெருவிளக்கை எரித்தது. பம்பாயின் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897 இல் கழிவிலிருந்து வாயு பெறப்பட்டது. 1951 இல் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் மூடியுடைய கலனை அமைத்தார். இந்தியக் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு அதனை நாடெங்கும் பரப்பியது. சீனாவில் 1970 களில் இலட்சக்கணக்கான நிலக்கீழ்க் குழிகள் தோன்றின. இலங்கையில் 1974 இல் நிறுவப்பட்ட தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், சாணமேயன்றி வைக்கோலிலிருந்தும் வாயு பெறும் முறையை உருவாக்கிற்று.

ஒரு கிலோ பசுஞ்சாணம் ஏறத்தாழ நாற்பது லீற்றர் வாயுவைத் தரும். இரண்டு மூன்று மாடுகள் இருப்பின் ஒரு குடும்பத்தின் சமையல் நடந்துவிடும். எஞ்சும் கரைசல் மரக்கறித் தோட்டத்திற்கு நல்ல பசளை. லயங்களின் ஓரத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்த தோட்ட மக்களுக்கு இது ஏற்றதன்றோ? ஆயினும் அது அங்கு ஏன் பரவலாக வேரூன்றவில்லை?

குளிர் ஒரு காரணம். வெப்பநிலை பதினைந்து பாகைக்குக் கீழிறங்கினால் வாயு வெகுவாகக் குறையும். அப்புத்தளை போன்ற உயர்ந்த இடங்களில் இவ்விடர் உண்டு. எனினும் தாழ்ந்து கிடக்கும் பதுளைப் பள்ளத்தாக்கிற்கு இது பொருந்தாது. பராமரிப்பின்மை மற்றொரு காரணம். இவையிரண்டும் தீர்க்கக்கூடியவையே. ஆழமான காரணம் வேறு. உயிர்வாயுக் குழி நிலத்தினுள் கட்டப்படுவது; பல்லாண்டு நிலைத்திருப்பது. லயமோ தோட்டத்திற்குச் சொந்தம். லயம் நின்ற மண்ணும் தோட்டத்திற்குச் சொந்தம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் ஒப்பந்தமோ, எவர் இருப்பார் எவர் கப்பலேறுவார் என்பதையே தெரியாததாக்கியது. நாளை இவ்விடத்தில் இருப்போமா என்றறியாதவன் இன்று நிலத்தில் குழி தோண்டிச் சுவர் எழுப்புவானா? தொழில்நுட்பம் தோற்றதென்பது முழு உண்மையாகாது. அது ஊன்றி நிற்க ஒரு துண்டு மண் இருக்கவில்லை.

இதற்கு எதிர்ச்சான்று ஊவாவிலேயே உண்டு. மொனராகலை மாவட்டத்தின் பெல்வத்தை, செவனகலை ஆகிய சீனித் தொழிற்சாலைகள் 1980 களில் எழுந்தன. அங்கே பிழியப்படும் கரும்பின் எடையில் ஏறத்தாழ முப்பது வீதம் சக்கையாக எஞ்சும். அச்சக்கையே கொதிகலனை எரித்துத் தொழிற்சாலைக்கு வலுவூட்டும். பதுளை மாவட்டத்தின் மகியங்கனையில் 2014 இல் ஐந்து மெகாவாற்று உயிர்த்திணிவு மின்நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குக் கிளிரிசிடியாக் கிளைகளை வெட்டி விற்போர் சுற்றுப்புற விவசாயிகள். வேலியோரத்துக் கிளை அவர்களுக்குப் பணமாகின்றது. ஏனெனில் வேலி அவர்களுடையது. அதே மாவட்டத்தின் மலைப்பகுதியில் மிலாறு சுமப்பவளுக்கோ, விற்பதற்குரிய மரமும் இல்லை. அது நிற்பதற்குரிய வேலியும் இல்லை.

நிலைமை முற்றாக மாறாதிருக்கின்றது என்று கூறுவதும் முறையன்று. 2003 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் லயங்களை அடைந்தது. 2015 இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியுடனான வீடு என்னும் கோட்பாடு ஏற்கப்பட்டது. ஆயினும் லயங்களிலேயே வாழ்வோர் இன்னும் பலர். 2022 இல் நாடே சமையல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றபோது, நகரத்தார் விறகடுப்பை மீண்டும் கண்டறிந்தனர். தோட்டத்து மக்களுக்கு அது புதிதன்று; அவர்கள் அந்த அடுப்பை விட்டு அகலவே வாய்ப்புப் பெறாதவர்கள்.

கழிவு என்பது பொருளின் இயல்பன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமை எவரிடம் உள்ளது என்பதைப் பொறுத்ததே அது. தொழிற்சாலையின் சக்கை எரிசக்தியாயிற்று. விவசாயியின் கிளை வருமானமாயிற்று. தோட்டப் பெண்ணின் மிலாறு புகையாகவே நின்றது. எனவே ஊவாவின் கழிவு எரிசக்தியைப் பற்றித் திட்டமிடுவோர் சாணத்தின் அளவையும் வாயுவின் கனவளவையும் கணக்கிடுவதோடு அமையாது, காணி உறுதியையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஏழு பேர்ச்சஸில் வீடு கட்டும்போதே ஒரு குழிக்கும் இடம் விடப்படுமாயின், நூறாண்டுக்கு மேலாகத் தலைச்சுமையாக ஏறிவந்த அந்த நெருப்பு, இனியேனும் காலடி மண்ணிலிருந்து எழக்கூடும்.