சீனக் கடல் சுங்கத்துறை

சீனாவின் சிங் பேரரசுக்காக வெளிநாட்டு அதிகாரிகள் நடத்திய வரி நிர்வாகம். ஷாங்காயில் 1854இல் தொடங்கியது. மேலைநாடுகள் சீனாவை நேரடியாக ஆளாமலேயே அதன் வாணிகத்தில் எவ்வளவு தூரம் கை வைக்க முடிந்தது என்பதற்கு இத்துறையைவிடத் தெளிவான சான்று இல்லை.

முதல் அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சீனா, 1842ஆம் ஆண்டு நான்ஜிங் உடன்படிக்கைப்படி குவாங்சோ, ஷாங்காய் உள்ளிட்ட 5 துறைமுகங்களைத் திறந்துவிட்டது. சுங்க வீதத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையையும் இழந்தது. பெரும்பாலான சரக்குகளுக்குச் சுமார் 5 விழுக்காடு என்பது ஒப்பந்தக் கணக்கு. அதைக்கூட 1853இல் வசூலிக்க முடியாமற்போனது. சிறுவாள் சங்கக் கலகக்காரர்கள் ஷாங்காய் நகரைப் பிடித்தார்கள், சுங்கச்சாவடி சூறையாடப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கத் தூதர்கள் உள்ளூர்ச் சீன அதிகாரியோடு பேசி, நாட்டுக்கு ஒருவராக 3 கண்காணிப்பாளர்களை அமர்த்தினர். தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள்.

1858ஆம் ஆண்டின் தியான்ஜின் உடன்படிக்கையை ஒட்டி இம்முறை மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. அதே ஆண்டின் வீதப் பட்டியலில் அபினியும் இடம்பெற்றது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த சரக்கு, வரி கட்டி வரும் சரக்காயிற்று.

முதல் தலைமை அதிகாரி ஹொரேஷியோ நெல்சன் லே. பிரிட்டனில் சீனாவுக்கென ஒரு போர்க்கப்பல் தொகுதியைத் திரட்டியவர், சீன அரசின் கட்டளைகள் தன் வழியாகவே அதற்குச் செல்ல வேண்டும் என்று அடம்பிடித்தார். 1863இல் வேலை போயிற்று. அடுத்து வந்தவர் அயர்லாந்துக்காரரான ராபர்ட் ஹார்ட். சீனமொழி நன்கறிந்த இவர் தம் ஊழியர்களிடம், நாம் சீன அரசின் சம்பளக்காரர்கள் என்பதை மறவாதீர்கள் என்று 1864இலேயே சுற்றறிக்கை விட்டார். ஒழுங்கான கணக்கு, கலங்கரை விளக்கங்கள், 1896இல் அரசு அஞ்சல் சேவை எனப் பல பணிகள் அவர் காலத்தவை. ஆயினும் ஆணையர் பதவிகள் வெளிநாட்டவர் கையிலேயே இருந்தன.

ஹார்ட்டின் நேர்மையை எவரும் குறை சொல்ல முடியாது. குறை அவர் வசூலித்த வரியில் இருந்தது. விலைகள் ஏறின, ஒப்பந்தத்தில் நிலையாகக் குறித்துவிட்ட வரித்தொகை ஏறவில்லை. வெளிநாட்டுச் சரக்கு கூடுதலாக 2.5 விழுக்காடு கட்டினால், உள்நாட்டு வரிச்சாவடிகளை நிற்காமல் கடந்துவிடலாம். சீன வணிகரோ வழிநெடுகிலும் 'லிஜின்' வரி கட்டினார். சொந்த நாட்டிலேயே வெளிநாட்டாரின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு சரக்கனுப்பிய சீன வணிகர்களும் உண்டு.

ஜப்பானுடனான போரில் சீனா தோற்றபின் நட்டஈடு கட்ட வாங்கிய கடன்களுக்குச் சுங்க வருமானமே ஈடாக வைக்கப்பட்டது. 1898இல், பிரிட்டிஷ் வாணிகம் முதலிடத்தில் இருக்கும்வரை துறைத் தலைவரும் பிரிட்டிஷ்காரராகவே இருப்பார் என்று சீனா உறுதியளித்தது. 1901இல், வெளிநாட்டாருக்கு எதிரான பாக்சர் எழுச்சிக்கான தண்டம் 45 கோடி 'டேல்' வெள்ளியில் ஒரு பகுதியும் இதன் தலையில் விழுந்தது.

ஒரு நுணுக்கம்: ஹார்ட்டின் அலுவலகம் வரியைக் கணக்கிட்டதே தவிரப் பணத்தைக் கையில் வாங்கியதில்லை, வாங்கியவர்கள் சீன அதிகாரிகள். அவர் செப்டம்பர் 1911இல் காலமானார். அடுத்த மாதம் சிங் ஆட்சிக்கு எதிரான புரட்சி வெடித்ததும், அவருக்குப்பின் வந்த பிரான்சிஸ் ஆக்லன் அந்தப் பணத்தை வெளிநாட்டு வங்கிகளில் செலுத்த ஏற்பாடு செய்தார். தன் சுங்க வீதத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமை 1929இல்தான் சீனாவுக்குத் திரும்பியது.