உழைச்செல்வான்: ஈழத்தில் மருத்துவச் செய்முறைப் பயிற்சியின் வரலாறு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் உள எனக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றுபவன் என்பன அவை. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது பக்கம். இன்று நாம் தாதி என வழங்கும் பெயரினும் இஃது ஆழமான பெயர். அவனுக்கு வேண்டிய இயல்புகளை உரையாசிரியராகிய பரிமேலழகர் நான்காக வகுத்தார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு. இவற்றுள் அறிவை ஒருவாறு நூல்களிற் பெறலாம். செய்து முடிக்கும் வன்மையோ நோயாளியின் படுக்கையருகே நின்றாலன்றி வாராது. இவ்வுண்மை நம் நாட்டில் ஒரு கல்விமுறையாக உருப்பெற்ற வரலாற்றைச் சுருங்க நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவம் அமெரிக்க மிசனரிமாருடன் வந்தது. வைத்தியர் யோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பிற் பணி தொடங்கினார். ஆயினும், மருத்துவம் செய்தலோடு அமையாது அதனை நம்மவர்க்குக் கற்பித்தலையே தலையாய கடனாகக் கொண்டவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மூன்று மாணவரோடு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயே அதன் நிலைக்களமாயிற்று.

இலண்டன் மாநகரில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் புனித தோமஸ் மருத்துவமனையிலே தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவியது 1860 இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே மானிப்பாயில் மாணவர் நோயாளியை முன்வைத்துப் பயின்றனர் என்பது நினைக்கத்தக்கது. ஒன்று வைத்தியர்க்கான கல்வி, மற்றது தாதியர்க்கான கல்வி என்னும் வேறுபாடு உண்மையே. எனினும், கற்போன் மருத்துவமனையிலேயே கற்கவேண்டும் என்னும் கொள்கை இரண்டற்கும் பொதுவானது. கிறீனின் மாணவர் பாடம் ஒப்பித்தலோடு நின்றாரல்லர்; மருந்து கலந்தனர், புண் கட்டினர், சத்திர சிகிச்சையில் ஆசானுக்குத் துணைநின்றனர். அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850 இல் யாழ்ப்பாண நகரிலே மருத்துவமனை ஒன்று எழுந்தபோது, கிறீனிடம் பயின்றோர் அங்கும் பணியாற்றினர். அதன் வழிவந்ததே இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். காலஞ் செல்ல ஒரு குறை அவர்க்குப் புலனாயிற்று. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் நகர வாழ்வையும் நாடினர். கிராமத்து நோயாளியோ பழையபடியே கைவிடப்பட்டான். தாய்மொழியிற் கற்றவன் தன் ஊரில் நிலைப்பான் எனத் துணிந்த கிறீன், 1860 களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர் தம் நாட்டு உடையையும் வழக்கத்தையும் கைவிடுதலையும் அவர் விரும்பவில்லை. மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின், நம் மொழிக்கு அவர் செய்த தொண்டை மறப்பதும் அறமன்று.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! ‘பிரசவ வைத்தியம்’ 1857 இல் வெளிவந்தது. ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. கலைச்சொற் கோவைகளும் தொகுக்கப்பட்டன. இப்பணியில் அவருடைய மாணவரும் தோள்கொடுத்தனர். பகலில் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவரே அந்நோயின் பெயரைத் தமிழில் எழுத முயன்றனராதலின், அந்நூல்கள் வெறும் அகராதிப் பயிற்சியாக அமையவில்லை. கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். 1884 இற் காலமானார். கொழும்பில் 1870 இல் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கில வழியில் வளர, தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை.

கிறீனின் வகுப்பில் இருந்தோர் ஆடவரே. ஆண் வைத்தியர் முன் செல்ல நாணிய பெண்கள் வீட்டிலேயே இறந்துபட்ட காலம் அது. அக்குறையை நீக்குதற்கு, லீச் சகோதரிகள் திரட்டிய நிதியைக் கொண்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய மக்லியோட் மருத்துவமனை 1898 இல் இணுவிலில் எழுந்தது. வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார் அங்கு நெடுங்காலம் பணிபுரிந்தார். தமிழ்ப் பெண்கள் அங்கே தாதியராகப் பயிற்றப்பட்டனர். அந்நியரின் உடலைத் தொடுதலும் இரவில் வீட்டுக்கு வெளியே தங்குதலும் பெண்ணுக்குப் பழியெனக் கருதிய சமூகத்தில், அவர்கள் முதலில் வென்றது நோயையன்று, ஊராரின் வாயையே. பண்டத்தரிப்பில் தொடங்கிய ஸ்கடரின் பேத்தியாகிய ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தாதியர் பள்ளியை 1909 இல் தொடங்கியதும் இவ்வரலாற்றோடு ஒட்டியதே. அப்பள்ளியே பின்னர் 1946 இல் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது.

இனி, இவ்வரலாறு வன்னிக்கு உரைப்பது யாது? பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் தெருவிலுள்ள முரசுமோட்டையில் இருந்து இதனை எழுதுகின்றேன். இங்குள்ள கமக்காரனுக்கு நோவு என்பது ஒன்றன்று. உளைவு வேறு, குத்து வேறு, எரிவு வேறு, கடுப்பு வேறு. என்னிடம் பயின்று தாதியாகிய பெண்ணொருத்தி, பயிற்சிக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை என்னிடம் கூறினாள். முதியவர் ஒருவர், “பிள்ளை, இது நோ இல்லை, உளைவு” என மும்முறை கூறினாராம். அவள் நோயாளிக் குறிப்பில் நோ என்றே எழுதினாள். மூத்த தாதி அதனை வாசித்துவிட்டு, அவளை மீண்டும் கட்டிலருகே அழைத்துச் சென்று, முதியவரின் கையைப் பிடித்து, எங்கே, எப்போது, எவ்வாறு என ஒவ்வொன்றாய் வினவிக் காட்டினாராம். “அந்த ஐந்து நிமிடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, சேர்” என்றாள் அவள்.

அந்த ஐந்து நிமிடமே செய்முறைப் பயிற்சியின் உயிர். இன்று யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டக்கல்வியும் உண்டு. ஆங்கில அறிவும் உலக நூலறிவும் தாதிக்கு இன்றியமையாதனவே. அவற்றை விலக்குதல் பேதைமை. ஆயினும், பயிற்சி மாணவியை வேலைக்குக் குறைந்த கையை நிரப்ப வந்த ஆளாகக் கருதுமிடத்து அந்த ஐந்து நிமிடம் மறைந்துவிடுகிறது. கற்பிக்கும் மூத்தோர் அருகில் இல்லையேல், விடுதியில் நின்ற மணித்தியாலங்கள் பதிவேட்டில் மட்டுமே பயிற்சியாகும். மேலும், கிறீன் 160 ஆண்டுகளுக்கு முன் எதிர்கொண்ட வினா இன்றும் அழியவில்லை: கற்றவர் ஊரில் நிலைப்பரோ?

நிலைக்கச் செய்யும் வழி கட்டளையன்று என்பது வரலாற்றின் படிப்பினை. எங்கு ஒருவர் கைபழகினாரோ அவ்விடம் அவர்க்கு அந்நியமாவதில்லை. ஆதலின், வன்னிப் பிள்ளைகள் தம் பயிற்சியின் ஒரு பகுதியையேனும் வன்னியின் மருத்துவமனைகளில், அனுபவம் மிக்க தாதியரின் கண்காணிப்பிற் பெறல் வேண்டும். நம் கல்லூரி மாணவர்க்கும் ஒரு வார்த்தை: வைத்தியராதல் ஒன்றே உயர்வு என எண்ணற்க. வள்ளுவர் நான்கு உறுப்புக்களையும் ஒரே குறளில் வைத்தார். உழைச்செல்வானை வாசலில் நிறுத்தவில்லை.